ஞாயிற்றுக்கிழமைக் குளிசையும் பால் தேநீரும்

வாசகி கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறோம். அம்மாவுக்கு 67 வயது, எடை 52 கிலோ. இரண்டு வருடங்களுக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேனில் ரி-ஸ்கோர் மைனஸ் 2.9 என்று வந்தது. அன்றிலிருந்து எலும்புத் தேய்வுக்கு ஞாயிறு தோறும் அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராம் எடுக்கிறார். இரவில் கொலஸ்ட்ரோலுக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 20 மில்லிகிராம். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் என் மகள், "அம்மம்மாவின் இரண்டு குளிசையும் ஒரே பாதையைத்தான் மறிக்கின்றன, எலும்புக் குளிசை மறிக்கும் நொதியம் எல்லாக் கலத்திலும் இருக்கிறது" என்று சொல்லிவிட்டாள். அப்போதிருந்து எனக்குப் பயம். இரண்டும் வேண்டுமா, ஒன்றை விடலாமா? கனடாவில் இருக்கும் பெரியம்மாவுக்கு வருடத்துக்கு ஒருமுறை ஏற்றும் எலும்பு மருந்துக்குப் பிறகு மூன்று நாள் காய்ச்சல் அடித்ததாம், அதுவும் இதே வகையா? வரும் புதன்கிழமை அம்மாவுக்கு ஒரு கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டும். பக்கத்து வீட்டில், "எலும்புக் குளிசையை உடனே நிறுத்துங்கள், தாடை அழுகிவிடும்" என்கிறார்கள். அம்மா குளிசையைக் காலைப் பால் தேநீரோடு விழுங்கிவிட்டு அரை மணித்தியாலம் சாய்ந்து படுப்பார். அதில் பிழை ஒன்றும் இல்லைத்தானே?

பதில்:

கடைசி வரியில் போகிறபோக்கில் கேட்டிருப்பதுதான் உங்கள் கடிதத்திலேயே அவசரமான விஷயம். அதில் பிழை இருக்கிறது. பால் தேநீரோடு விழுங்கிய அலெண்ட்ரோனேட் ஏறக்குறைய முழுவதும் வீண். விழுங்கிவிட்டுப் படுப்பது உணவுக்குழாய்க்கு ஆபத்து. இந்த இரண்டையும் இந்த ஞாயிறே மாற்றுங்கள். ஏன் என்பதை மகளின் கேள்வி வழியாகவே சொல்கிறேன். அவள் கேட்டது மிக நல்ல கேள்வி, எல்லாப் பதிலும் அதற்குள்தான் இருக்கிறது.

மகள் சொன்ன நொதியத்தின் பெயர் ஃபார்னெசைல் பைரோபொஸ்பேட் சின்தேஸ். பெயர் நீளம், வேலை எளிது. நம் கலங்கள் அசற்றைல் கோ-ஏ என்ற சிறு மூலக்கூறிலிருந்து தொடங்கி, மெவலோனேட் என்ற இடைப்பொருள் வழியாக, ஐந்து காபன் கொண்ட ஒரு கட்டையைச் செய்கின்றன. அதுதான் ஐசோபிரீன் அலகு. இந்த நொதியம் முதலில் இரண்டு ஐந்துகளை இணைத்துப் பத்துக் காபன் சங்கிலியாக்கும். பிறகு இன்னொரு ஐந்தைச் சேர்த்துப் பதினைந்தாக்கும். அந்தப் பதினைந்துதான் ஃபார்னெசைல் பைரோபொஸ்பேட். இரண்டு பதினைந்துகள் சேர்ந்தால் முப்பது, அது ஸ்குவாலீன். அதிலிருந்து கொலஸ்ட்ரோல் வருகிறது. பதினைந்தோடு இன்னொரு ஐந்து சேர்ந்தால் இருபது, அதாவது ஜெரானைல்ஜெரானைல் பைரோபொஸ்பேட். இந்த இருபதை நினைவில் வைத்திருங்கள், எலும்புக் கதையில் திரும்ப வரும்.

மைட்டோகொன்றியா சக்தி எடுக்கப் பயன்படுத்தும் கோ-என்சைம் கியூவின் வால், புரதங்களில் சர்க்கரைச் சங்கிலி பொருத்த உதவும் டொலிகோல், ரஸ், ரோ, ரப் போன்ற சமிக்ஞைப் புரதங்களைக் கலமென்சவ்வில் குத்தி நிறுத்தும் கொழுப்பு ஆணி, எல்லாமே இந்தப் பாதையிலிருந்து பிரிபவை. தாவரங்களிலும் இதே கட்டைகள்தான். இறப்பர் பால் என்பது ஆயிரக்கணக்கான ஐசோபிரீன் அலகுகள் கோத்த சங்கிலி. அந்தச் சங்கிலி தொடங்குவதற்கு ஃபார்னெசைல் பைரோபொஸ்பேட் போன்ற ஒரு முனை வேண்டும். 1876இல் கியூ தோட்டத்திலிருந்து வந்து கம்பஹா ஹெனரத்கொடவில் நட்ட இறப்பர்க் கன்றுகளும், அம்மாவின் ஈரல் இரவில் செய்யும் கொலஸ்ட்ரோலும் ஒரே ஐந்து காபன் கட்டையால் ஆனவை என்று மகளிடம் சொல்லுங்கள். பரீட்சைக்கு உதவுகிறதோ இல்லையோ, மறக்காது.

ஆக, "எல்லாக் கலத்திலும் இருக்கிறது" என்று அவள் சொன்னது உண்மை. "அப்படியானால் மருந்து எல்லாக் கலத்தையும் பாதிக்கும்" என்று நீங்கள் அதை நீட்டியதுதான் சரியில்லை. நொதியம் எங்கெல்லாம் இருக்கிறது என்பதை வைத்துப் பயப்பட வேண்டாம். மருந்து எங்கே போய்ச் சேருகிறது என்பதுதான் கணக்கு.

இந்த நொதியத்தின் உட்குழியில் மூன்று மக்னீசியம் அயன்கள் வந்து அமர்கின்றன. ஐந்து காபன் கட்டையின் ஒரு முனையில் இருக்கும் பைரோபொஸ்பேட்டைப் பிடித்து வைப்பவை அவைதான். பைரோபொஸ்பேட் என்றால் இரண்டு பொஸ்பேட், நடுவில் ஓர் ஒட்சிசன். அலெண்ட்ரோனேட்டிலும் இரண்டு பொஸ்பரஸ் முனைகள் இருக்கின்றன, ஆனால் நடுவில் ஒட்சிசனுக்குப் பதில் காபன். உடம்பின் நொதியங்களால் இந்தக் காபன் இணைப்பை வெட்ட முடியாது. உருவத்தில் பைரோபொஸ்பேட் மாதிரியே இருப்பதால் மக்னீசியங்கள் அதைக் கையில் வாங்கிக்கொள்கின்றன. அதன் பக்கச் சங்கிலியில் இருக்கும் நைதரசன், தாக்கத்தின் நடுவில் ஒரு கணம் தோன்றி மறையும் நேரேற்ற நிலையைப் போல உட்கார்ந்து குழியை அடைத்துவிடுகிறது. எட்டிட்ரோனேட் போன்ற இதே குடும்பத்துப் பழைய மருந்துகளில் இந்த நைதரசன் இல்லை, அவை இந்த நொதியத்தைத் தொடுவதுமில்லை. அலெண்ட்ரோனேட், ரைசெட்ரோனேட், இபான்ட்ரோனேட், சொலெட்ரோனேட் நான்கும் நைதரசன் உள்ளவை.

இப்போது பால் தேநீருக்கு வருகிறேன். அந்த இரட்டைப் பொஸ்பரஸ் பிடி மக்னீசியத்தோடு நிற்பதில்லை. கல்சியத்தையும் இறுகப் பிடிக்கும். எலும்பு என்பது கல்சியம் பொஸ்பேட் பளிங்கு என்பதால்தான் இந்த மருந்து எலும்பைத் தேடிப் போய் ஒட்டுகிறது. ஆனால் வயிற்றுக்குள் பால்மாவின் கல்சியத்தைச் சந்தித்தால் அதையும் அதே இறுக்கத்தோடு பிடித்துக்கொள்ளும். அந்தக் கூட்டு குடலில் உறிஞ்சப்படாமல் மலத்தோடு வெளியேறிவிடும். இரும்புக் குளிசை, கல்சியக் குளிசை, நெஞ்செரிவுக்குக் குடிக்கும் வெள்ளை மருந்திலுள்ள மக்னீசியமும் அலுமினியமும், எல்லாம் இப்படித்தான். எலும்பில் போய் ஒட்ட வைக்கும் அந்தக் குணமே பாலிலும் ஒட்ட வைக்கிறது.

சரியாக எடுத்தாலே நிலைமை இறுக்கமானது. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு விழுங்கினாலும் அலெண்ட்ரோனேட்டில் நூற்றுக்கு ஒரு பங்குகூட உடம்பில் சேராது, சுமார் 0.6 சதவீதம்தான். 70 மில்லிகிராமில் அரை மில்லிகிராமுக்கும் குறைவு. பால் கலக்காத கோப்பியோடும் தோடம்பழச் சாற்றோடும் கொடுத்துப் பார்த்தபோது அதிலும் சுமார் 60 சதவீதம் குறைந்தது. காலைச் சாப்பாட்டோடு எடுத்தால் உறிஞ்சப்படுவது இல்லையென்றே சொல்லலாம். அம்மா இரண்டு வருடமாக ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் விழுங்கியிருக்கலாம், ஆனால் எலும்புக்குப் போனது மிகக் கொஞ்சமாகத்தான் இருக்கும். இதைப் படித்துவிட்டு அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். எப்படி விழுங்குவது என்று பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய தாளைப் படித்துப் புரிந்துகொள்ளும் வயதில்லை அவருக்கு. சொல்லிக் கொடுக்க வேண்டியது எங்கள் வேலை.

ஞாயிறு காலை இப்படிச் செய்யட்டும். எழும்பியவுடன், வாயில் வேறெதுவும் படுமுன், ஒரு முழுத் தம்ளர் வெறும் தண்ணீர், 200 மில்லிலீற்றருக்குக் குறையாமல். குளிசையை மெல்லவும் கூடாது, உமியவும் கூடாது, முழுதாக விழுங்க வேண்டும். பிறகு குறைந்தது 30 நிமிடம் நிற்கலாம், நடக்கலாம், முதுகு நிமிர்த்தி உட்காரலாம், படுக்கவோ சாயவோ கூடாது. அந்த அரை மணித்தியாலத்தில் தேநீரும் இல்லை, மற்றக் குளிசைகளும் இல்லை. அதன் பிறகு பால் தேநீரும் காலைச் சாப்பாடும் தாராளமாக. சாப்பிடும் வரை படுக்கக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அம்மா தேநீருக்கு ஏங்குவார் என்றால் குளிசையை எடுத்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் ஒரு நடை போய்வரட்டும், அல்லது பூப்பறித்துச் சாமியறை வேலையை முடிக்கட்டும். அரை மணித்தியாலம் தானாகப் போய்விடும்.

தண்ணீர் விஷயத்தில் ஒரு சின்னக் குறிப்பு. கொழும்புக் குழாய்த் தண்ணீர் களனி ஆற்றிலிருந்தும் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருவது, சுண்ணாம்பு குறைவு. கொதித்தாறியது நன்றாகப் போதும். ஆனால் நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போனால் அங்கே கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து வருவது, கல்சியம் கூடியது. அந்த ஞாயிறுக்கு மட்டும் கல்சியத்தையும் நீக்கும் ஆர்.ஓ. வடிகட்டி இயந்திரத்துத் தண்ணீரோ போத்தல் தண்ணீரோ வைத்துக்கொள்ளுங்கள். போத்தலிலும் கனியுப்புச் செறிந்த மினரல் வோட்டர் வேண்டாம்.

ஒரு ஞாயிறு மறந்துபோனால், நினைவு வந்ததற்கு அடுத்த நாள் காலையில் ஒன்று எடுத்துவிட்டு, பிறகு வழக்கமான ஞாயிறுக்குத் திரும்பலாம். ஒரே நாளில் இரண்டு ஒருபோதும் வேண்டாம்.

படுக்கக்கூடாது என்பதன் காரணமும் சொல்ல வேண்டும். உணவுக்குழாயின் உட்புறத் தோல் மெல்லியது. குளிசை நடுவழியில் ஒட்டிக்கொண்டாலோ, படுத்திருக்கும்போது வயிற்றிலிருந்து மேலே திரும்பி வந்தாலோ, அந்த இடத்தில் புண் உண்டாகும். உடம்பில் சேருவது அரை மில்லிகிராம்கூட இல்லை, ஆனால் உணவுக்குழாயில் தங்கினால் முழு எழுபதும் ஒரே இடத்தில் நிற்கிறது. விழுங்கும்போது வலி, நெஞ்சின் நடுவில் புதிதாக எரிவு, சோறு இறங்கத் தடக்கம் ஏதாவது வந்தால் அடுத்த குளிசையை எடுக்காமல் வைத்தியரிடம் போங்கள். உணவுக்குழாய் சுருங்கியவர்களுக்கும், அரை மணித்தியாலம் நிமிர்ந்து இருக்கவே முடியாதவர்களுக்கும் இந்தக் குளிசை ஏற்றதல்ல. அவர்களுக்கு ஊசி வழி இருக்கிறது.

சரி, உறிஞ்சப்பட்ட அந்த அரை மில்லிகிராம் எங்கே போகிறது? பாதியளவு எலும்பில் ஒட்டுகிறது, மீதி மாற்றமில்லாமல் சிறுநீரில் போய்விடுகிறது. எதிரேற்றம் கூடிய மூலக்கூறு என்பதால் சாதாரணக் கலங்களின் சவ்வைத் தாண்டி உள்ளே போக அதனால் இலகுவில் முடியாது. மூளைக் கலமும் தசைக் கலமும் ஈரல் கலமும் அதனிடமிருந்து தப்புவது இதனால்தான்.

எலும்பு தின்னும் கலம் ஒன்றுதான் வசமாக மாட்டிக்கொள்கிறது. ஒஸ்டியோகிளாஸ்ட் என்ற அந்தப் பெரிய கலம் எலும்பின்மேல் வட்டமாக ஒட்டிக்கொண்டு, அடியில் மடிப்பு மடிப்பான ஒரு விளிம்பை விரித்து, அமிலத்தைக் கொட்டி எலும்பைக் கரைக்கிறது. அமிலம் பட்டவுடன் மருந்துக்கும் கல்சியத்துக்கும் இடையிலான பிடி தளர்கிறது. கரைந்த எலும்போடு சேர்த்து மருந்தையும் அந்தக் கலமே உள்ளே இழுத்துக் குடித்துவிடுகிறது. உள்ளே போன மருந்து ஃபார்னெசைல் சின்தேஸை அடைக்கிறது. பதினைந்து இல்லை, ஆகவே இருபதும் இல்லை. இருபது இல்லாவிட்டால் ரோ, ரக், ரப் புரதங்கள் சவ்வில் ஆணி அடிக்கப்படாமல் மிதக்கின்றன. மடிப்பு விளிம்பை விரித்து வைத்திருப்பவை அந்தப் புரதங்கள்தான். விளிம்பு சுருங்குகிறது, தின்பது நிற்கிறது, கலம் இறந்தும் போகிறது. ஆய்வுகூடத்தில் இந்தக் கலங்களுக்கு வெளியிலிருந்து ஜெரானைல்ஜெரானியோல், அதாவது அந்த இருபது காபன் சங்கிலி, கொடுத்தால் மருந்து இருக்கும்போதே அவை மீண்டு எழுகின்றன. காரணம் கொலஸ்ட்ரோல் குறைவல்ல, இருபதின் பஞ்சம்தான் என்பது அதிலிருந்து தெளிவானது.

இனிக் கொலஸ்ட்ரோல் குளிசை. அட்டோர்வாஸ்டாட்டின் மறிப்பது இதே பாதையின் மேல்முனையை, மெவலோனேட் உண்டாவதற்கு முந்திய படியை. அந்த நொதியம் எச்.எம்.ஜி. கோ-ஏ ரிடக்டேஸ். ஆக மகள் சொன்னபடி பாதை ஒன்றுதான். ஆனால் காலி வீதியில் வெள்ளவத்தையில் ஒரு தடையும் காலியில் இன்னொரு தடையும் இருந்தால், எந்த ஊர் ஆட்கள் மறிபடுகிறார்கள் என்பது வேறு வேறுதானே. ஸ்டாட்டின் என்ற இந்த வகைக் குளிசை முக்கியமாக ஈரலில் வேலை செய்கிறது. அங்கே கொலஸ்ட்ரோல் உற்பத்தி குறைந்தவுடன், ஈரல் இரத்தத்திலிருக்கும் எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரோலை இழுத்துக்கொள்கிறது. எலும்பில் ஒட்டும் குணம் அதற்கு இல்லை. அலெண்ட்ரோனேட் ஈரலுக்குள் போவதில்லை, ஆகவே அதை நம்பிக் கொலஸ்ட்ரோல் குளிசையை விட முடியாது. கொலஸ்ட்ரோல் குளிசையை நம்பி எலும்புக் குளிசையையும் விட முடியாது. இரண்டும் வேண்டும், இரண்டையும் சேர்த்து எடுப்பதால் இரட்டிப்புக் கேடும் இல்லை. ஒன்று இரவு, ஒன்று ஞாயிறு விடியல் என்று இருப்பதே நல்ல ஒழுங்கு.

பெரியம்மாவின் காய்ச்சலுக்கும் இதே நொதியம்தான் காரணம். வருடத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றுவது பெரும்பாலும் சொலெட்ரோனிக் அசிட் 5 மில்லிகிராம். குடலைத் தாண்ட வேண்டியதில்லை என்பதால் முழு அளவும் ஒரேயடியாக இரத்தத்துக்கு வருகிறது. அந்தச் சில மணித்தியாலங்களில் இரத்தத்தின் சில வெண்கலங்களும் கொஞ்சம் மருந்தைக் குடித்துவிடுகின்றன. நொதியம் அடைபட்டதும், அதற்கு முன்படியிலுள்ள ஐந்து காபன் கட்டை செலவழியாமல் குவிகிறது. நம் உடம்பில் காமா-டெல்ட்டா ரி கலங்கள் என்ற ஒரு காவற்படை இருக்கிறது. பல பக்டீரியாக்களும் மலேரியா ஒட்டுண்ணியும் இதே கட்டையை வேறு வழியில் செய்யும்போது வெளிப்படும் ஒரு மூலக்கூறை மோப்பம் பிடிப்பது அதன் தொழில். நம் கட்டை குவிவதையும் அது தொற்று என்று எண்ணிக்கொண்டு அபாயச் சங்கு ஊதுகிறது. காய்ச்சல், உடம்பு உளைவு, தலையிடி எல்லாம் அதனால் வருபவை. கிருமி எதுவும் இல்லை.

முதல் தடவை ஏற்றியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இப்படி வரும், பெரும்பாலும் மூன்று நாளில் அடங்கும். இரண்டாம் வருடம் நூற்றுக்கு ஏழு பேர் அளவுக்கு இறங்கிவிடுகிறது. அடுத்த முறை ஏற்றுமுன் நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டு, ஏற்றிய பிறகு பரசிட்டமோல் போடலாமா என்று அங்குள்ள வைத்தியரிடம் பெரியம்மாவைக் கேட்கச் சொல்லுங்கள். விற்றமின் டியும் கல்சியமும் குறைவாக இருக்கும்போது ஏற்றினால் இரத்தத்தில் கல்சியம் திடீரென விழும். விரல் நுனியும் வாயைச் சுற்றியும் விறைத்தால் அது காய்ச்சல் விஷயமல்ல, உடனே காட்ட வேண்டும். ஒன்றை மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்: அவருக்குப் போடுவது ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்குக் கீழே போடும் டெனோசுமாப் என்றால் அது இந்த வகையே அல்ல. அது எலும்பில் ஒட்டி நிற்பதில்லை. தவணை தவறினால் எலும்புத் தேய்வு வேகமாகத் திரும்பி, முள்ளந்தண்டு எலும்புகள் ஒன்றுக்கு மேல் நொறுங்கவும் கூடும். அதை யார் சொல்லியும் சும்மா நிறுத்தக்கூடாது.

மகளுக்காக இன்னும் இரண்டு செய்தி. இந்த நொதியத்தின் மரபணுவில் பிறவியிலேயே பிழை உள்ள சிலருக்கு, ஓரம் தடித்த வட்ட வட்டமான திட்டுகள் தோலில் வரும். போரோகெரட்டோசிஸ் என்பது அதன் பெயர். அங்கே பாதை பாதியில் நிற்பதால், கொலஸ்ட்ரோலையும் ஒரு ஸ்டாட்டினையும் சேர்த்துப் பூசும் களிம்பு பலருக்கு நல்ல பலன் தந்திருக்கிறது. குறைந்ததைக் கொடுத்து, குவிந்ததைக் குறைப்பது அதன் தர்க்கம். மற்றது, நம் நாட்டில் அநுராதபுரம், பொலன்னறுவை, ஹம்பாந்தோட்டை பக்கங்களில் மணல் ஈ கடித்து வரும் லெய்ஷ்மேனியா தோற்புண். அந்த ஒட்டுண்ணி கொலஸ்ட்ரோலுக்குப் பதில் எர்கொஸ்டெரோல் செய்கிறது, அதற்கு அதனிடமும் சொந்தமாக ஒரு ஃபார்னெசைல் சின்தேஸ் உண்டு. அதை மறித்து ஒட்டுண்ணியைக் கொல்ல முடியுமா என்று ஆய்வுகூடங்களில் இதே மருந்துக் குடும்பத்தைச் சோதித்திருக்கிறார்கள். எலும்பு ஓடிப்போய் மருந்தைப் பிடித்துக்கொள்வதுதான் அங்கே முட்டுக்கட்டை.

இனி நடைமுறைக்குத் திரும்புகிறேன். மருந்து வெளியேறும் வழி சிறுநீரகம் மட்டுமே. அம்மாவின் கடைசி ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் எவ்வளவு என்று பாருங்கள். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று கணக்கிட, 140இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, பெண் என்பதால் 0.85ஆல் பெருக்கி, கிரியேட்டினினை 72ஆல் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். அம்மாவுக்கு 73 தர 52 தர 0.85, ஏறக்குறைய 3,227. கிரியேட்டினின் 1.0 என்றால் 72ஆல் வகுக்க 45 அளவில் வரும், பாதகமில்லை. அதுவே 1.3 என்றால் 34.5. அலெண்ட்ரோனேட்டுக்கு எல்லை 35, அதற்குக் கீழே இந்தக் குளிசை பரிந்துரைக்கப்படுவதில்லை. 1.3 என்பது தாளில் பார்க்கச் சின்ன மாற்றமாகத் தெரியும், 52 கிலோ எடையுள்ள ஓர் அம்மாவுக்கு அது எல்லைக்கு வெளியே. உங்கள் ரிப்போர்ட்டில் மைக்ரோமோல் கணக்கில் 88, 115 என்றெல்லாம் இருந்தால் முதலில் 88.4ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

கல்சியம் நாளொன்றுக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம், சாப்பாட்டில் கிடைப்பதையும் சேர்த்து. முள்ளோடு சாப்பிடும் நெத்தலி, குரக்கன், எள்ளு, முருங்கையிலை, பால் இவற்றால் பெரும்பகுதியை நிரப்பலாம். குறைவதற்கு மட்டும் குளிசை, அதுவும் மத்தியானச் சாப்பாட்டோடு. விற்றமின் டி 800 அலகு. பகல் முழுக்க அடுக்குமாடி வீட்டுக்குள் இருக்கும் முதியவர்களுக்குக் கொழும்பு வெயில் எட்டுவதே இல்லை, ஆகவே இந்தக் குளிசையை அலட்சியப்படுத்த வேண்டாம்.

எத்தனை காலம் எடுப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அம்மாவின் நிலையில் அது முக்கியம். எலும்பில் புதைந்த அலெண்ட்ரோனேட் அங்கே பல வருடங்கள் தங்கும், அரைவாழ்வு, அதாவது பாதி வெளியேற எடுக்கும் காலம், பத்து வருடத்துக்கு மேல். அதனால் சாதாரணமாக ஐந்து வருடம் எடுத்தபின் மறுபரிசீலனை செய்து, முறிவு ஆபத்துக் குறைந்தவர்களுக்கு இடைவேளை கொடுக்கலாம். அம்மாவுக்கோ முதல் இரண்டு வருடம் பால் தேநீரோடு போய்விட்டது. அடுத்த டெக்ஸாவில் முன்னேற்றம் தெரியாவிட்டால், "மருந்து வேலை செய்யவில்லை" என்று வேறு மருந்துக்கு மாற்றிவிடும் சாத்தியம் இருக்கிறது. ஆகவே கிளினிக் கொப்பியில் ஒரு வரி எழுதிவையுங்கள்: இன்ன திகதி வரை பாலோடு எடுத்தார், இன்ன திகதியிலிருந்து தண்ணீரோடு. ஐந்து வருடக் கணக்கை எங்கிருந்து தொடங்குவது என்பதை அவருடைய வைத்தியர் அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

நீண்ட காலம் எடுப்பவர்களுக்கு அரிதாக வரும் ஒரு முறிவும் உண்டு: தொடை எலும்பின் தண்டுப் பகுதி, விழாமலே, குறுக்காக விரியும். ஆசியப் பெண்களிடம் இது ஒப்பளவில் கூடுதல். முறியுமுன் பெரும்பாலும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், தொடையிலோ கவட்டிலோ மந்தமான வலி இருக்கும். அப்படி வலி வந்தால் எண்ணெய் தடவி நாள் கடத்தாமல், இரண்டு தொடைக்கும் முழு நீள எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஒரு பக்கம் விரிந்திருந்தால் மறு பக்கத்திலும் இருக்கலாம்.

இனி புதன்கிழமைப் பல். தாடை எலும்பு வெளித்தெரிந்து ஆறாமல் கிடக்கும் நோய் உண்மையானது, அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் எலும்புத் தேய்வுக்கு எடுக்கும் அளவில் அது மிக அரிது. பத்தாயிரம் பேர் ஒரு வருடம் மருந்தெடுத்தால் ஒருவருக்கு, அல்லது அதற்கும் குறைவாக. கூடுதலாகக் காண்பது புற்றுநோய்க்காக அடிக்கடி பெரிய அளவில் ஊசி ஏற்றுபவர்களிடம்தான். பக்கத்து வீட்டில் சொன்னபடி இன்று நிறுத்தினால் புதன்கிழமைக்குள் என்ன மாறும்? எலும்பில் பல வருடம் தங்கும் மருந்து நாலு நாளில் போய்விடாது. சீழ் பிடித்த பல்லைப் பயத்தில் விட்டுவைப்பதுதான் தாடைக்குக் கூடிய ஆபத்து, ஏனென்றால் அந்த நோயைத் தூண்டுவதே பெரும்பாலும் பல்லடித் தொற்று.

ஆகவே பல்லைப் பிடுங்கட்டும், குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். பல் வைத்தியர் கேட்காவிட்டாலும் நாற்காலியில் உட்காருமுன் மூன்று விஷயம் சொல்லுங்கள்: அலெண்ட்ரோனேட் 70 வாரம் ஒன்று, இரண்டு வருடமாக, புற்றுநோய் இல்லை. சலரோகமோ ஸ்டெரொய்ட் மருந்தோ இருந்தால் அதையும் சொல்லுங்கள், வெற்றிலை, புகையிலை பழக்கத்தையும் மறைக்க வேண்டாம். ஒன்றுக்கு மேல் பற்கள் மோசம் என்றால் ஒரே நாளில் எல்லாவற்றையும் பிடுங்காமல், ஒன்று ஆறுகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போவது நல்லது. பிடுங்கிய பிறகு அவர் தரும் குளோர்ஹெக்சிடின் வாய்கொப்பளிப்பைச் சொன்ன நாள் வரை பாவிக்கட்டும். பொய்ப்பல் இருந்தால் அந்த இடத்தில் உராயாதபடி சரிசெய்து தரக் கேளுங்கள்.

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் குளிசை நேரத்தில் ஒரு டோர்ச் எடுத்து அந்தக் குழியைப் பாருங்கள். சதை மூடிக்கொண்டு வந்தால் சரி. எட்டு வாரம் கடந்தும் மஞ்சள் வெள்ளையாக எலும்பு தெரிந்தாலோ, அதற்கு முன்பே வீக்கம், சீழ், கீழுதட்டில் விறைப்பு வந்தாலோ, வோர்ட் பிளேஸில் உள்ள தேசிய பல் வைத்தியசாலையின் வாய், தாடை சத்திரசிகிச்சைப் பிரிவுக்குக் கிளினிக் கொப்பியோடு கூட்டிக்கொண்டு போங்கள்.